நாலாம் ஸ்தலத்துக் குரல்

இளவேனிலுக்குத் தோள் போனது கிறிஸ்துமஸுக்குப் பத்து நாள் முன்னால், காலைப் பயிற்சியில், ஏழாவது எறிதலின்போது. ஆறோடு நிறுத்தச் சொல்லித்தான் பயிற்சியாளர் எழுதிக் கொடுத்திருந்தார். இளவேனில் என்றைக்குத்தான் ஆறோடு நிறுத்தியிருக்கிறாள்? ஈட்டி கையை விட்டுப் போகும்போதே தோளுக்குள் பழைய துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. ஈட்டி என்னவோ ஒழுங்காகப் போய் நாற்பத்தாறு மீட்டரில் குத்தி நின்றது. அவள்தான் வலது கையை இடது கையில் ஏந்திக்கொண்டு மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த டாக்டர் மேக்னா, தசைநார் பாதி கிழிந்திருக்கிறது, கத்தி வைக்க வேண்டியதில்லை, ஆனால் ஆறு மாதம் ஈட்டியைத் தொடக்கூடாது என்றார். சிவப்பு ரப்பர் பட்டை ஒன்றைக் கொடுத்து, கதவுக் கைப்பிடியில் கட்டித் தினமும் இழுக்கச் சொன்னார். ஆறு மாதம் என்பது டாக்டருக்கு ஒரு கணக்கு. இளவேனிலுக்கு அது வேறு கணக்கு. அரசு வேலைக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆள் எடுக்கும் தேர்வு மே மாதக் கடைசியில் திருச்சியில் நடக்க இருந்தது. நாற்பத்தெட்டு மீட்டர் எறிய வேண்டும். அடுத்த தேர்வு வரும்போது அவளுக்கு வயது தாண்டிவிடும். கல்லூரி முடித்து மூன்று வருடமாக, கோவையில் ஸ்டேடியத்துக்குப் பக்கத்தில் நான்கு பெண்களோடு ஒரு அறையில் இருந்துகொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு விசில் ஊதிக்கொண்டு, அவள் காத்திருந்தது இந்த ஒரு நாளுக்காகத்தான்.

ஜனவரிக் கடைசியில் சசிதர் அவளைக் கூப்பிட்டுப் பேசினான். சிங்காநல்லூரில் ஜிம் வைத்திருக்கிறவன். ஒரு காலத்தில் அவனும் ஈட்டி எறிந்தவன். தோள் போய்த்தான் விட்டவன். கெட்டவன் என்று சொல்லிவிட்டால் கதை சுலபமாக முடிந்துவிடும். அவன் கெட்டவன் இல்லை. ரப்பர் பட்டையை இழுத்துக்கொண்டு அவள் நாளுக்கு நாள் மெலிவதைப் பார்க்கச் சகிக்காமல்தான் அந்த மாத்திரை அட்டைகளைக் கொண்டுவந்தான்.

“ஸ்டீராய்டுதான். வேற பேரு சொல்லி உன்னை ஏமாத்த மாட்டேன்” என்றான். “எட்டு வாரம். தோளும் சீக்கிரம் சேரும், இருக்கிற சதையும் கரையாது. அன்னைக்கு எனக்கு இதைச் சொல்ல ஆளில்லை. வேணுமா வேண்டாமான்னு நீயே முடிவு பண்ணிக்க.”

முடிவு பண்ணிக்க என்று சொல்லிவிட்டுப் போவது எவ்வளவு வசதியான வேலை! அவள் அட்டைகளை ஜாக்கெட் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டாள். ஒன்பது நாள் அவை அங்கேயே கிடந்தன. தடை செய்யப்பட்டது என்று தெரியும். பிடிபட்டால் பெயர் போகும் என்றும் தெரியும். அதையெல்லாம்விட உள்ளே அரித்துக்கொண்டிருந்த பயம் வேறு. அதைக் கேட்பதற்காகவே மேக்னாவிடம் போய், என் ரூமில் இருக்கிற ஒரு பெண்ணுக்காகக் கேட்கிறேன் என்று ஆரம்பித்தாள்.

மேக்னா அவள் முகத்தைப் பார்க்காமல் தோளை அழுத்திப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார். சதை பெருக்கிற வேகத்துக்குத் தசைநார் பெருக்காது, தோள் சரியாகிவிட்ட மாதிரி காட்டிப் பிறகு மொத்தமாக அறுந்தாலும் அறும் என்றார். தோளிலிருந்து கையை எடுத்துவிட்டு, “உங்க ரூம்ல இருக்கற பொண்ணுகிட்டச் சொல்லுங்க” என்றார். “முகத்துல முடி வந்தா எடுத்துக்கலாம். மாசக் கணக்கு தப்பினா பெரும்பாலும் திரும்பி வந்துரும். கொரல் ஒடஞ்சா மட்டும் ஒடஞ்சதுதான். அதை ஒட்டவெக்க எங்ககிட்ட ஒண்ணுமில்லை.”

இளவேனில் பயந்தது அதற்குத்தான்.

தொண்டாமுத்தூரைத் தாண்டி, மலை பக்கத்தில் தெரிகிற ஒரு காலனியில் அவள் வீடு. அவள் அப்பா ஜெரோம் தென்னந்தோப்புக் காவலுக்குப் போய்க்கொண்டிருந்தவர். எட்டு வருடத்துக்கு முன்னால் ஒரு விடியற்காலை, தோப்புக்குள் யானை நிற்பது தெரியாமல் மோட்டார் போடப் போனவரைத் தூக்கித்தான் கொண்டுவந்தார்கள். அம்மா மயிலாத்தாள் அன்றைக்கு அழவில்லை. கல்யாணத்துக்காக ஞானஸ்நானம் வாங்கியபோது அவளுக்கு ரோஸ்மேரி என்று பெயர் வைத்தார்கள்; பங்குச் சாமியாரைத் தவிர வேறு யாரும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அந்த மயிலாத்தாள், வந்தவர்களுக்கெல்லாம் காபி போட்டாள், பெஞ்சு இழுத்துப் போட்டாள், பெட்டியை மூடும்போதுகூடக் கல்லாகவே நின்றாள். மூன்றாம் நாளும் அழவில்லை, முப்பதாம் நாளும் அழவில்லை. இவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று காலனியில் பேசிக்கொண்டார்கள்.

அந்த வருடப் பெரிய வெள்ளி வந்தது. அந்தக் காலனியில் ஒரு வழக்கம் உண்டு. பெரிய வெள்ளி மத்தியானம் சிலுவையைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாகச் சிலுவைப்பாதை போவார்கள். மாதா தன் மகனை வழியில் சந்திக்கிற நாலாம் ஸ்தலம் வந்ததும், தண்ணீர்த் தொட்டிக்கு முன்னால் சிலுவையை நிறுத்திவிட்டு எல்லாரும் வாயை மூடிக்கொள்வார்கள். புத்தகத்தில் இல்லாத ஒரு புலம்பலை ஒரே ஒரு பெண் பாடுவாள். மேளம் கிடையாது, மைக் கிடையாது. பன்னிரண்டு வயதிலிருந்து அதைப் பாடுகிறவள் இளவேனில்தான். அவளுடைய குரல் அப்படிப்பட்டது. ஏறுகிற இடத்தில் ஏறி, மேலேயே நின்று நடுங்கி, மெதுவாக இறங்கும். அப்பா இறந்த அந்த வருடம் அவள் பாடிக்கொண்டிருந்தபோதுதான் கூட்டத்துக்குள்ளிருந்து மயிலாத்தாள் பெருங்குரலெடுத்து அழுதாள். தரையில் விழுந்து புரண்டு அழுதாள். அழுது முடித்ததும் எழுந்து சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டு அஞ்சாம் ஸ்தலத்துக்கு நடந்தாள்.

அதற்கப்புறம் ஒவ்வொரு வருடமும் அப்படித்தான். வருடத்தில் மற்ற நாளெல்லாம் அவள் கண்ணில் ஒரு சொட்டு வராது. நாலாம் ஸ்தலத்தில் மட்டும் ஒரு வருடத்து அழுகையையும் அழுது தீர்த்துவிடுவாள். “அந்தப் பாட்டு இல்லீன்னா நான் என்னைக்கோ வெடிச்சுப் போயிருப்பேன் கண்ணு” என்று ஒரே ஒரு முறை மகளிடம் சொல்லியிருக்கிறாள்.

இவ்வளவும் தெரிந்தவள்தான் இளவேனில். அதனால்தான் ஒன்பது நாள் அந்த ஜிப்பைத் திறக்கவில்லை. பத்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. வீட்டுக்குப் போனாள். போகாமலேயே இருந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

மயிலாத்தாள் காய்கறி மண்டியில் சுமை தூக்குகிறவள். தக்காளிப் பெட்டி, புடலங்காய்க் கட்டு, வெங்காய மூட்டை என்று இருபது வருடம் தூக்கிய தோள். மகள் உள்ளே வந்ததைக் கவனிக்காமல், கோயிலுக்குப் புறப்பட்டுச் சுவர்க் கண்ணாடி முன்னால் நின்றிருந்தாள். சீப்பைப் பிடித்த கை நெஞ்சு உயரத்துக்கு மேல் வரவில்லை. கையைத் தலைக்குக் கொண்டுபோக முடியாமல், தலையைக் கைக்குக் கொண்டுவந்தாள். இடுப்பை வளைத்து, நெற்றியைச் சுவரில் முட்டுக் கொடுத்து, கழுத்தைச் சாய்த்துச் சாய்த்துத் தன் தலையைத் தானே சீவிக்கொண்டிருந்தாள். கொண்டை போடுவதற்குள் இரண்டு தரம் நின்று மூச்சு வாங்கினாள்.

மகளைப் பார்த்ததும் சட்டென்று நிமிர்ந்து சிரித்தாள். உன் தோள் எப்படி இருக்கிறது என்று கேட்டாள். எண்ணெய் காய்ச்சித் தருகிறேன் என்றாள். தன் கையைப் பற்றி இளவேனில் கேட்டதற்கு, அது பனிக்காலம் வந்தால் அப்படித்தான், வெயில் வந்தால் சரியாகிவிடும் என்று பேச்சை மாற்றிவிட்டாள். பஸ் ஏற்றிவிட வந்தபோது அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“பெரிய வெள்ளிக்கு மட்டும் எப்படியாச்சும் வந்துரு கண்ணு. மத்த நாளைக்கு உன்ற சௌகரியம்.”

இளவேனில் தலையாட்டிவிட்டு பஸ்ஸில் ஏறினாள். வேலை கிடைத்த மறுநாளே அம்மாவை மண்டியிலிருந்து நிறுத்திவிட வேண்டும், அந்தத் தோளை மேக்னாவிடம் காட்ட வேண்டும், இதற்குமேல் அந்தத் தோள் ஒரு பெட்டிகூடத் தூக்கக்கூடாது என்பதைத் தவிர வேறெதுவும் அவள் மண்டைக்குள் ஓடவில்லை. எல்லாருக்குமா குரல் போகிறது, நமக்குப் போகாது என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டாள். பேரூர் வருவதற்குள் முதல் மாத்திரையைத் தண்ணீர்கூட இல்லாமல் விழுங்கிவிட்டாள்.

தோள் சேர்ந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும். இரண்டாவது வாரத்தில் ரப்பர் பட்டை அவளுக்குப் போதவில்லை. நான்காவது வாரம் வெறும் பந்தை எறிந்து பார்த்தாள், வலிக்கவில்லை. முதுகும் புஜமும் தினவெடுத்தன. அதே வாரத்தில் ஒரு காலை, பக்கெட்டை எடுத்துக்கொண்டு போன மௌனிகாவைக் கூப்பிட்டபோது, பாதிப் பெயரில் குரல் படி தவறிக் கீழே விழுந்தது. மௌனிகா அவளுடைய அறைத்தோழி, ஓட்டக்காரி. ஒன்பதாம் வகுப்புப் பையன் மாதிரி இருக்கிறது என்று அவள் சிரித்தாள். இளவேனிலும் சிரித்துவைத்தாள். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு, புலம்பலின் முதல் அடியை மெதுவாக இழுத்துப் பார்த்தாள். ஏறுகிற இடத்தில் ஏறவில்லை. திரும்பவும் முயன்றாள். வெறும் காற்றுதான் வந்தது. பக்கெட் நிரம்பி வழிந்து காலை நனைத்தும் குழாயை மூடத் தோன்றாமல் நின்றாள்.

அன்றைக்கே மேக்னாவிடம் போனாள். ரூமில் இருக்கிற பெண் என்ற பேச்சுக்கு இப்போது அவசியமே இருக்கவில்லை. வணக்கம் சொன்ன குரலே சொல்லிவிட்டது. மேக்னா திட்டவில்லை. போனது வராது, இப்போதே நிறுத்தினால் மீதி இருப்பது நிற்கும், இன்றைக்கே அந்த அட்டையைக் குப்பையில் போடு என்று மட்டும் சொன்னார்.

இங்கேதான் இளவேனில் உண்மையாக முடிவெடுத்தாள் என்று நினைக்கிறேன். பஸ்ஸில் விழுங்கியது அம்மாவின் தோளைப் பார்த்த ஆத்திரத்தில். இது அப்படி இல்லை. மதிய நேரத்தில், ஸ்டேடியத்துப் படிக்கட்டில் தனியாக உட்கார்ந்து, நிதானமாக யோசித்து எடுத்த முடிவு. நிறுத்தினால் பாட்டும் இல்லை, ஈட்டியும் இல்லை. பாடத்தான் முடியாது என்று ஆகிவிட்டது. எறியவும் முடியாவிட்டால் இழந்ததற்கு என்ன அர்த்தம்? கேட்கும்போது நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் மீதி இருந்தது எவ்வளவு என்று அவள் எண்ணிப் பார்க்கவில்லை. மேல் சுருதி போயிருந்தாலும், அம்மா அழுவதற்குப் போதுமான அளவு ஒருவேளை மிச்சம் இருந்திருக்கும். அது பாவிமகளுக்குத் தோன்றவில்லை. மீதி நான்கு வாரத்தையும் விழுங்கினாள்.

மயிலாத்தாள் போனில் கேட்டது ஒரே கேள்விதான்: தொண்டை கட்டியிருக்கிறதா? ஆமாம் என்று சொல்லிவிட்டாள் இளவேனில். ஐஸ் தண்ணீர் குடித்தாயா, வெயிலில் தலை காய்ந்ததா என்று அம்மா கடிந்துகொண்டாள். மறுவாரம் குரல் இன்னும் இறங்கியபோது இளவேனில் இன்னொரு பொய் சொன்னாள். கிசுகிசுவென்ற குரலிலேயே சொன்னாள். கேம்ப் ஆரம்பிக்கிறார்கள், போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள், தேர்வு முடிகிறவரை பேச முடியாது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் காந்திபுரம் வரைக்கும் வெளியே விடுவார்கள். மயிலாத்தாள் அப்படியே நம்பினாள். மகள் சொன்னதைக் குறுக்குக் கேள்வி கேட்கிற பழக்கம் அந்த வீட்டில் இல்லை.

அதற்கப்புறம் ஞாயிறுதோறும் மருந்து வந்தது. தொண்டாமுத்தூர் பஸ் ஓட்டுகிற கண்ணையா அதே காலனிக்காரர். காலனியிலிருந்து கோவைக்கு எது போனாலும் அவர் சீட்டுக்குப் பக்கத்தில்தான் போகும். சாப்பாட்டு கேரியர், ரேஷன் கார்டு, முருங்கைக்காய்க் கட்டு எல்லாம். மயிலாத்தாள் தூதுவளையைப் பறித்து, மிளகு தட்டிப் போட்டு, கஷாயமாக்கி, பாட்டிலில் ஊற்றித் துண்டால் சுற்றி அவரிடம் கொடுத்துவிடுவாள். காந்திபுரத்தில் இளவேனில் வாங்கிக்கொள்வாள். தொண்டையைத் தொட்டுக் காட்டுவாள், தலையை ஆட்டுவாள், பேசமாட்டாள். காலி பாட்டிலுக்குள் துண்டுச்சீட்டு போட்டுத் திருப்பிக் கொடுப்பாள்: தோள் நன்றாக இருக்கிறது, நானும் நன்றாக இருக்கிறேன். கண்ணையா அதை மயிலாத்தாளுக்குப் படித்துக் காட்டுவார். கஷாயத்தை இளவேனில் ஒரு சொட்டு விடாமல் குடித்தாள். எதற்குக் குடிக்கிறோம் என்று தெரியாமலேயே குடித்தாள்.

பெரிய வெள்ளிக்கு அவள் போகவில்லை. கேம்ப் என்று சீட்டு எழுதிவிட்டாள். அன்று மத்தியானம் சிலுவைப்பாதை புறப்படுகிற நேரத்தில் மைதானத்தில் முதல் முறையாக முழு ஓட்டம் ஓடி ஈட்டி எறிந்தாள். நாற்பத்தைந்து போயிற்று. அதற்கடுத்த ஞாயிறு ஈஸ்டர். கண்ணையா பாட்டிலோடு கொஞ்சம் பலகாரமும் கொடுத்தார். அவள் கேட்காமலேயே சொன்னார்.

“வேற புள்ளையப் பாடச் சொல்லட்டுமான்னு கோயில் உபதேசியார் கேட்டாருங்க அம்மணி. உங்கம்மா வேண்டாமுன்னு சொல்லிப்போட்டாங்க. எம்புள்ளைக்குத் தொண்டை கட்டியிருக்குது, அது வர்றவரைக்கும் அந்த எடம் சும்மா இருக்கட்டும்னாங்க. பாட்டு எத்தனை நேரமோ அத்தனை நேரம் சிலுவைய நிறுத்தி வெச்சுக்கிட்டு எல்லாரும் சும்மா நின்னோம்.”

இளவேனிலால் அடக்க முடியவில்லை. “அம்மா அழுதாங்களாண்ணா?” என்று கேட்டுவிட்டாள்.

அந்தக் குரலைக் கேட்டுக் கண்ணையா ஒரு கணம் திகைத்தார். ஏன், எப்படி என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார்.

“இல்லீங்க அம்மணி. பாட்டே இல்லாம எங்க அழுவறது? நாலாம் ஸ்தலத்துலயும் சும்மாதான் நின்னாங்க. கண்ணு மட்டும் ரத்தமாச் செவந்து கெடந்துச்சு.”

அவர் பார்த்ததையும் கேட்டதையும் காலனியில் யாரிடமும் சொல்லவில்லை. மரியாதை என்று நினைத்துக்கொண்டு நம் ஊரில் எத்தனையோ விஷயத்தைக் கேட்காமலே விட்டுவிடுகிறோம். அவராவது கேட்டிருந்தால், அவள் அன்றைக்கே அதே பஸ்ஸில் ஏறி வீட்டுக்குப் போயிருப்பாள்.

மே மாதக் கடைசியில் திருச்சியில் தேர்வு நடந்தது. அட்டைகள் காலியாகி ஏழு வாரம் ஆகியிருந்தது. ஊக்கமருந்துச் சோதனைக்கு யார் வருவார்கள் என்று காலையிலிருந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள், யாரும் வரவில்லை. தோள் அறுந்துவிடும் என்றும் பயந்தாள், அறுந்துபோகவில்லை. நான்காவது எறிதலில் ஈட்டி நாற்பத்தெட்டு மீட்டர் அறுபது சென்டிமீட்டரில் போய் விழுந்தது. சாயங்காலம் பெயர்களை வாசித்தபோது இளவேனில் ஜெரோம் என்ற பெயர் இரண்டாவதாக வந்தது.

மௌனிகா ஓடிவந்து கட்டிக்கொண்டாள். இளவேனிலுக்குச் சந்தோஷம் வந்ததா என்றால், வந்தது. அதை மறைப்பானேன்? அப்போது அவள் கண்ணுக்கு முன்னால் சுவரில் நெற்றியை முட்டுக் கொடுத்துத் தலை சீவுகிற அம்மாதான் நின்றாள். அந்தச் சந்தோஷத்தில் எல்லாவற்றையும் மறந்துவிட்டாள். தன் போன் அறையில் சார்ஜ் இல்லாமல் கிடக்க, மௌனிகாவின் போனை வாங்கி வீட்டு எண்ணை அழுத்தினாள். மூன்று முறை மணி அடித்ததும் மயிலாத்தாள் எடுத்தாள்.

“ஹலோ, ஆருங்க?”

“அம்மா” என்றாள் இளவேனில்.

 முன்பின் தெரியாதவர்களிடம் பேசுகிற அதே பவ்வியத்தோடு மயிலாத்தாள் கேட்டாள்.

“ஏனுங்க தம்பி, ஆரு வேணுமுங்க? நெம்பர் மாத்திப் போட்டுட்டீங்களாட்ட இருக்குதுங்க.”

நான்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த ஒரு வார்த்தை வாயிலிருந்து வரவில்லை. பெற்றவள் வாயால் தம்பி என்றும், வார்த்தைக்கு வார்த்தை ங்க போட்டும் கேட்ட பிறகு, இளவேனில் அந்தத் தம்பியாகவே பேசத் தொடங்கினாள்.

“இளவேனில் அம்மாங்களா?” என்றாள்.

“ஆமாங்க தம்பி. கேம்ப்புல இருந்து பேசறீங்களா? எம்புள்ளைக்கு ஒண்ணும் இல்லீங்களே?”

“ஒண்ணும் இல்லீங்க. அவ ஜெயிச்சுட்டாளுங்க. வேலை கெடச்சிருச்சு. இனிமே நீங்க மண்டிக்குப் போவ வேண்டாமுங்களாம். சொல்லச் சொன்னா.”

 நீங்கள் நன்றாக இருக்க வேண்டும் தம்பி என்றாள் மயிலாத்தாள். மகளுக்குத் தோள் வலிக்கிறதா, சாப்பிட்டாளா என்று விசாரித்தாள். எல்லாவற்றுக்கும் பதில் வாங்கிக்கொண்டு, கடைசியில் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

“ஒரு ஒதவி பண்ணுங்க தம்பி. போனைக் கொஞ்சம் அவகிட்டக் குடுக்க முடியுமுங்களா? அவ கொரலக் கேட்டு ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சுங்க.”

“குடுக்கறனுங்க” என்றாள் இளவேனில்.

போனை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றி, மற்றக் காதில் வைத்துக்கொண்டாள்.

“கண்ணு” என்றாள் மயிலாத்தாள். ஒரே நொடியில் ங்கவெல்லாம் போய்விட்டது. “கண்ணு, பேசு சாமி.”

இளவேனில் வாயைத் திறந்தாள்.  அடிவயிற்றிலிருந்து கேவல்தான் வந்தது. வாயைப் பொத்தியும் நிற்கவில்லை. அந்தக் கேவலை மட்டும் மயிலாத்தாள் உடனே அடையாளம் கண்டுகொண்டாள்.

“அழுவாத கண்ணு, அழுவாத. இப்பத்தான் தொண்டை சரியாயிட்டு வரும், அழுதா மறுக்கா கட்டிக்கும். வா, தூதுவளை நெறையாப் பறிச்சு வெச்சிருக்கறேன். பாட்டு எங்கயும் போயராது. அடுத்த வருசம் பாடிக்கலாம். நானும் அதுவரைக்கும் பொறுத்துக்கறேன்.”